ஷெட்டில் நிற்கும் 1968 ஜீப்: ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஆர்சி புக்கை எடுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உடுமலைப்பேட்டை பக்கம் தோப்பு வீட்டு ஷெட்டில், தாத்தா வைத்திருந்த 1968 மஹிந்திரா சிஜே-3பி பெட்ரோல் ஜீப் இருபது வருஷமாக அசையாமல் நிற்கிறது. 1984-இல் அதற்கு டீசல் என்ஜின் ஏற்றியிருக்கிறார்கள், கழற்றிய பெட்ரோல் என்ஜின் சாக்கு போர்த்தி அதே ஷெட்டின் மூலையில் கிடக்கிறது. ஆர்சி இன்னும் தாத்தா பெயரில், அதுவும் காலாவதி. ஒருவர் "ரோட்டுக்கு எடுக்காமல் தோப்புக்குள்ளும் மலைப்பாதையிலும் மட்டும் ஓட்டினால் எந்த ரூலும் கிடையாது" என்கிறார். இன்னொருவர் "பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி எல்லாம் ஸ்கிராப்புதான், ஆசைப்படாதீர்கள்" என்கிறார். யார் சொல்வது சரி, வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதும் தவறு. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்: இந்த வண்டி வாரம் இரண்டு தரம் தோப்புக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டியாக வேண்டுமா, அல்லது 1968-இல் ஷோரூமை விட்டு வந்த மாதிரியே பாதுகாக்கப்பட்ட பழம்பொருளாக வேண்டுமா? இரண்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் தனித்தனி வழி. ஒன்றுக்குச் சரியாக வரும் பட்டறை வேலை மற்றொன்றைக் கெடுத்துவிடும். அதனால்தான் எதையும் கழற்றுவதற்கு முன்பு முடிவு செய்யச் சொல்கிறேன்.

நான் பொள்ளாச்சி பக்கம் இருபத்தேழு வருஷமாகப் பழைய ஜீப் வேலை பார்ப்பவன். வக்கீல் இல்லை. சட்டத்தில் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பது வண்டிகளோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று நின்று கற்றது. வண்டியை நேரில் பார்க்காமல் அதன் உடம்பு நிலையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பொதுவான அனுபவம்தான். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் "ரோட்டுக்கு எடுக்காவிட்டால் ரூல் இல்லை" என்கிற பேச்சு. இது பெரும்பாலும் பிரிட்டிஷ் யூடியூப் சேனல்களைப் பார்த்து வருகிறது. அங்கே 1998-இலிருந்து ஒரு ஏற்பாடு உண்டு: வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டாமல் ஷெட்டில் வைத்திருக்கிறேன் என்று அரசுக்கு அறிவித்துவிட்டால் வரியும் கட்ட வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம், வருஷக்கணக்கில் வைத்து ரெஸ்டோர் செய்யலாம். நம் ஊரில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படி ஓர் அறிவிப்பு முறை கிடையாது. லாரி, பஸ் மாதிரி வாடகை வண்டிக்காரர்கள் வண்டி ஓடாத காலத்துக்கு எழுதிக்கொடுத்து வரியை நிறுத்தி வைப்பார்கள், அது வேறு கதை. உங்கள் ஜீப் ஷெட்டில் சும்மா நிற்பதால் குற்றம் எதுவும் இல்லை. ஓட்ட ஆரம்பித்தால்தான் சட்டம் வரும்.

ஓட்டினால் என்ன? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பதிவு இல்லாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்திலோ "வேறு எந்த இடத்திலோ" ஓட்டக் கூடாது என்று இருக்கிறது. அந்த "வேறு எந்த இடத்திலோ" என்பதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொழிற்சாலை மாதிரி அடைத்த வளாகத்துக்குள் மட்டுமே ஓடுவதற்கென்று தனியாக அமைத்த வண்டிக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் ஜீப் அந்த ரகத்தில் வராது, அது ரோட்டில் ஓடவே செய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு மோட்டார் வாகன வரி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதை வைத்துத் தோப்புக்குள் ஓடும் வண்டிக்கு ஆர்சியே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள். அது வரி பற்றிய வழக்கு, அதுவும் ஆந்திர வரிச் சட்டத்தின் மேல். பதிவு வேண்டாம் என்று அதில் யாரும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் விஷயத்தில் மட்டும் சட்டம் "பொது இடம்" என்று குறுக்கிச் சொல்கிறது (146-ஆம் பிரிவு). அதற்காகத் தோப்புக்குள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம் என்றுதான் சட்டம் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது, உங்கள் தோப்பு வழியாக ஊர்க்காரர்கள் நடக்கும் வண்டித்தடம் இருந்தாலே சிக்கல். தேங்காய் பறிக்க வந்தவர் மேல் வண்டி உருண்டால் அப்புறம் வரும் நிலைமையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கும் வண்டிக்காரருக்கும் சேர்த்து வாழ்க்கை மாறிவிடும்.

சரி, ஸ்கிராப் பேச்சு. பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்கிற தடை டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கு உரியது. பதினைந்து வருஷத்துக்கு மேல் பதிவைப் புதுப்பிக்கவே முடியாது என்று 2023 ஏப்ரல் முதல் வந்த விதி அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. தமிழ்நாட்டில் தனியார் வைத்திருக்கும் ஜீப்பை வயதை மட்டும் காரணம் காட்டி யாரும் உடைக்கச் சொல்ல முடியாது. வண்டி தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 600 ரூபாயாக இருந்த கார் புதுப்பிப்பு 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆனது. அதற்கு மேல் பசுமை வரி, தாமதக் கட்டணம். இருபது வருஷத் தாமதத்துக்கு எவ்வளவு போடுவார்கள் என்பது கணினியில் உங்கள் வண்டியின் விவரம் எப்படி ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. கவுன்டரில் கணக்குப் போட்டு வாங்கிய பிறகு பட்ஜெட் எழுதுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு மண்ணெண்ணெய் டின், ஒரு வயர் பிரஷ், ஒரு டார்ச், ஆர்சி புக், இவ்வளவு போதும், ஷெட்டுக்குப் போங்கள். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்தான் சேசிஸ், அதன் முன்பக்கத்தில் பம்பரிலிருந்து பின்னால் நகர்ந்துகொண்டே சேசிஸ் நம்பரைத் தேடுங்கள். ஐம்பது வருஷத்து கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து கல்லாக இறுகி இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் முதலில் ஓர் எண்ணின் வளைவு தெரியும், அப்புறம் பக்கத்து எண். எழுத்துகள் ஒரே நேர்கோட்டில் இருக்காது, கையால் சுத்தியல் கொண்டு அடித்தவை, ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் இருக்கும். அந்த ஒழுங்கின்மைதான் அது அசல் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம். மேலே வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவும் எடுங்கள். பிறகு ஆர்சியோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிடுங்கள்.

ஒத்துப்போனால் உங்களிடம் ஒரு வண்டி இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் இரும்புதான் இருக்கிறது, எவ்வளவு செலவு செய்தாலும் அது மாறாது. இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன்பு என் பட்டறைக்கு வந்த ஒரு ஜீப்பின் சேசிஸை நம்பரை மறைக்காமல், துருவை எடுக்க மணல் அடிக்க அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தபோது சேசிஸ் வெள்ளி மாதிரிப் பளபளத்தது, கடைசி இரண்டு எண்கள் இல்லை. மேலோட்டமாக அடித்திருந்த எண்கள், துருவோடு சேர்ந்து போய்விட்டன. வண்டிக்காரர் கோபப்படக்கூட இல்லை, அவருடைய அப்பா ஓட்டிய வண்டி அது, பேசாமல் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் மனு, விசாரணை, அனுமதி வாங்கி நம்பரை மறுபடி குத்துவது என்று ஒன்றேகால் வருஷம் போனது. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் நம்பர் இருக்கும் இடத்தில் கிரீஸ் தடவி, மேலே தகடு வைத்துக் கட்டிய பிறகுதான் மற்ற வேலை. எண் மங்கியிருந்தால் நீங்களாக பஞ்ச் வாங்கி ஆழமாக அடித்துவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது நம்பரைத் திருத்தியதாகத்தான் தெரியும்.

ஆர்சி புக்கில் அடுத்துப் பார்க்க வேண்டியது மாற்றங்கள் எழுதும் பக்கம். 1984-இல் டீசல் என்ஜின் ஏற்றியபோது தாத்தா ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிந்திருந்தால் எரிபொருள், என்ஜின் நம்பர் மாறிய விவரம் முத்திரையோடு இருக்கும். அந்தக் காலத்தில் பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசலுக்கு மாற்றிய ஜீப்புகள் ஏராளம், நிறைய பேர் ஒழுங்காகவே பதிந்திருக்கிறார்கள். பதியாமல் விட்டவர்களும் உண்டு. என்ஜின் மாற்றினால் பதினான்கு நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். பதிவு இருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அத்தைகள், சித்தப்பாக்கள் என்று எத்தனை பேர் இருந்தாலும் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி துருப்பிடித்துக் கிடக்கும்போது யாருக்கும் ஆட்சேபம் இருக்காது, பெயின்ட் அடித்து நிறுத்திய பிறகு கதை மாறும். 1968 என்றால் மெட்ராஸ் மாநிலமாக இருந்த காலத்து, "எம்" எழுத்தில் தொடங்கும் பழைய நம்பராக இருக்கும். இந்த மாதிரிப் பழைய நம்பர்கள் பல, அரசின் ஆன்லைன் வண்டிப் பதிவேடான வாகன் தளத்தில் ஏறியிருப்பதில்லை. ஆபீஸில் பழைய லெட்ஜரைப் பார்த்து அந்த விவரத்தைக் கணினியில் ஏற்றினால்தான் (பேக்லாக் என்ட்ரி என்பார்கள்) மற்ற எதற்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க முடியும். லெட்ஜர் கரையான் அரித்துப் போயிருந்த சம்பவமும் உண்டு, ஒரே நாளில் எடுத்துக் கொடுத்த சம்பவமும் உண்டு. இதில் எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அசல் ஆர்சி, பழைய வரி ரசீது, பழைய இன்சூரன்ஸ் தாள், தாத்தா பெட்டியில் எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

இனி இரண்டு வழிகள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டி, அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டு, சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால் விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதியும் வண்டிக்கு "விஏ" என்ற எழுத்து சேர்ந்த நம்பர் வரும், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் தாத்தாவின் நம்பர் போகாது. இன்சூரன்ஸிலும் விண்டேஜ் என்று பதிவான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஆனால் அந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடப் போவது, பட்டறைக்குப் போவது, இவ்வளவுதான். தேங்காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது.

மற்றொன்று நான் மேலே சொன்ன சாதாரணப் புதுப்பிப்பு. பிரேக் இன்ஸ்பெக்டர் (ஆர்.டி.ஓ. ஆபீஸின் மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்த்துத் தகுதி என்றால் ஐந்து வருஷம், எங்கு வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம்.

நீங்கள் "மலைப்பாதையில் ஓட்ட வேண்டும், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திருமூர்த்தி அணை வரை போக வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குச் சாதாரணப் புதுப்பிப்புதான். டீசல் என்ஜின் ஆர்சியில் ஏறியிருந்தால் அதையே சரி செய்து ஓட்டுங்கள், பெட்ரோல் என்ஜினை ஆயில் தடவிச் சுற்றிப் பத்திரமாக வையுங்கள், அதை விற்க மட்டும் வேண்டாம். பிற்காலத்தில் விண்டேஜுக்குப் போக நினைத்தால் அந்த என்ஜின்தான் உங்கள் ஆதாரம். அதன் நம்பர் முதல் பதிவில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும், திரும்ப ஏற்றினால் அதையும் முறைப்படி ஆர்சியில் பதிய வேண்டும். ஒருமுறை டீசலாக மாறித் திரும்பிய வண்டியை "அசல் வடிவம்" என்று ஒப்புக்கொள்வார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. விதியில் அதற்கு நேரடியாகப் பதில் இல்லை, பார்க்கும் அதிகாரியின் முடிவு. ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம், அவ்வளவுதான்.

பாடி விஷயத்திலும் இதே கேள்விதான். தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் குழிச்சட்டங்களில் சேறு தங்கி உள்ளிருந்து அரித்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் "ணங்" என்ற சத்தம் ஓரிடத்தில் "சதக்" என்று மாறும், அங்கே சாக்பீஸில் வட்டம் போடுங்கள். முழுசாகப் போயிருந்தால் ஹரியானா மண்டி டப்வாலியிலிருந்து புது பாடியே வரவழைக்கலாம் என்று பட்டறைக்காரர் சொல்வார், செலவும் குறைவு, நாளும் குறைவு. நான் கூடுமானவரை வேண்டாம் என்பேன். போன இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வளைத்து வெல்டு வைத்தால் அது ரிப்பேர். அச்சு அசல் பாடி கிடைப்பது அரிது, வருவது அரை அடி நீளமாகவும் சக்கர வளைவு வேறு மாதிரியாகவும் இருக்கும், அப்போது அது மாற்றம். டிங்கரிங் செய்பவர் வயதானவராக, பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையைக் குறைவாகவும் சுத்தியலை அதிகமாகவும் நம்புபவராகப் பாருங்கள். பட்டியில் மூடிய பள்ளம் இரண்டு மழைக்காலம் தாங்காது.

பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒன்று. ஜீப் என்றாலே மிலிட்டரி பச்சை என்று ஆசை வரும். செய்யாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்று சொல்கிறது. ஆர்சியில் என்ன நிறம் எழுதியிருக்கிறதோ அதையே அடியுங்கள். சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் சுரண்டிப் பார்த்தால் முதல் நிறம் கிடைக்கும்.

பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், இரும்புக் கம்பி பம்பர், மாட்டிக்கொண்டால் இழுக்கும் வின்ச், மேலே எல்இடி பட்டை, இவையெல்லாம் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் ஆர்சி விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்பக்கக் கம்பி பம்பருக்கு 2017 இறுதியிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை சொல்லியிருக்கிறது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 2019 திருத்தச் சட்டம் சேர்த்தது. ரோட்டில் எத்தனையோ வண்டி அப்படி ஓடுகிறதே என்பீர்கள், ஓடுகிறது. புதுப்பிப்புக்குப் போகும் வண்டியில் அது இருக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, இந்த ஜீப்புக்கு அவை தேவையே இல்லை. பதினாறு அங்குல ஒல்லியான டயரும் எண்பது அங்குல வீல்பேஸும் (முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம்) ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையும்தான் அதன் பலம். அகல டயர் சேற்றில் மிதக்கும், ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே கெட்டித் தரையைப் பிடிக்கும். நம் கரிசலிலும் செம்மண்ணிலும் மழை நாளில் ஓட்டிப் பார்த்தால் புரியும்.

இயந்திர வேலையில் முதலில் பிரேக், அப்புறம்தான் என்ஜின். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், என்ஜின் உறுமும் சத்தம் கேட்டவுடன் ஒரு ரவுண்டு போகலாம் என்று ஆசை வந்துவிடும். இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்குக் கீழே தரைக்கு அடியில் இருக்கிறது, சேறும் தண்ணீரும் நேராக அதன் மேல்தான் படும். இருபது வருஷம் நின்றதில் வீல் சிலிண்டர்கள் உள்ளே இறுகியிருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் கிட் மட்டும் மாற்றி ஒப்பேற்றாமல் சிலிண்டர், ஹோஸ், பைப் எல்லாம் புதிதாகப் போடுங்கள். ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் சின்ன டிரம்மைப் பிடிக்கும், கியர் ஆயில் கசிந்து அந்த டிரம் நனைந்திருந்தால் சரிவில் வண்டி நிற்காது. ஆயில் சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண்.

பெட்ரோல் என்ஜினைத் தொடுவதாக இருந்தால், ஸ்டார்ட்டர் கொடுத்து முறுக்க வேண்டாம். பிளக்கை எல்லாம் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இது உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டிலும் புகை தள்ளும் வால்வு பிளாக்கிலும் இருக்கும் 2199 சிசி என்ஜின், கீழே உள்ள வால்வுகள்தான் பெரும்பாலும் திறந்தபடி இறுகி நிற்கும். பலவந்தப்படுத்தினால் சின்ன வேலை லேத்துக்குப் போகும் வேலையாகிவிடும். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் டாங்கை இறக்கி முகர்ந்து பாருங்கள், வார்னிஷ் வாடை அடித்தால் உள்ளே கழுவ வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் குழாயும் பம்ப்பின் டயாஃப்ரமும் அதற்குத் தாங்காது, உப்பிப் பிசுபிசுத்து ஒழுக ஆரம்பிக்கும், சூடான என்ஜின் மேல் ஒழுகினால் தீ. எத்தனாலுக்குத் தாங்கும் குழாய் கேட்டு வாங்குங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டாங்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து டாங்கைத் துருப்பிடிக்க வைக்கும். வயரிங்கை எலி விட்டு வைத்திருக்காது, அதை ஒட்டுப்போடாமல் முழுசாக மாற்றுங்கள்.

மலைப்பாதை என்று நீங்கள் சொன்னது எந்தப் பாதை என்று தெரியவில்லை. உங்கள் பட்டா நிலமும், அனுமதி தந்த எஸ்டேட் ரோடும் சரி. ஆனைமலை அடிவாரத்தில் காடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தோப்பு வேலி முடிந்த அடுத்த அடி காப்புக்காடாகவோ புலிகள் காப்பகமாகவோ இருக்கலாம். அங்கே ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் நுழைவதே குற்றம், தமிழ்நாடு வனச் சட்டமும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வரும், வண்டியையும் எடுத்துக்கொள்வார்கள். யானை தண்ணீர் குடிக்க இறங்கும் ஓடையில் நான்கு சக்கர கியர் போட்டு ஏறி வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஆசை இருந்தால் தனியார் நிலத்தில் அனுமதியோடு ஆஃப்-ரோடு நிகழ்ச்சிகள் நடத்தும் கிளப்புகள் இருக்கின்றன, அங்கே போகலாம்.

ஆர்சி சரியாகும் வரை வண்டியை ரோட்டில் கயிறு கட்டி இழுக்கக்கூட வேண்டாம், பட்டறைக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நேரம் என்று கேட்டால், காகிதமும் பட்டறையும் சேர்த்து ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் முடிந்தால் சந்தோஷம். முதல் வேலையாக இந்த ஞாயிற்றுக்கிழமை சேசிஸ் நம்பரின் பென்சில் அச்சையும், ஆர்சியின் மாற்றங்கள் பக்கத்தையும், மூலையில் கிடக்கும் என்ஜினின் நம்பரையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்பரைப் பொதுவில் போட வேண்டாம். மூன்றும் ஒத்துப்போகிறதா, 1984-க்கான முத்திரை இருக்கிறதா என்று மட்டும் இங்கே எழுதுங்கள், எந்த வேலையை முதலில் கொடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.